பதினேழாம் தோட்டத்துத் தண்ணீர்

பதினேழாம் நம்பர் தோட்டத்தில் உப்பு ஏறிவிட்டது என்று அனந்தகிருஷ்ணன் சொன்னபோது நாகவள்ளி எவர்சில்வர் தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாப்பதுக்கு ஆறு” என்றார் அவர். பென்சிலால் ஒரு கட்டத்துக்குள் ஆறு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஆகஸ்டு மாதத்து மாலை. வெளியே காற்று வெந்நீரில் நனைத்துப் பிழியாத துணிபோலக் கனத்துக் கிடந்தது. ராஸ் அல் கைமாவில் அந்த மாதம் முழுக்க மலை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புழுக்கத்துக்குள் எங்கோ கரைந்து நிற்கும். மலை அங்கேதான் இருக்கிறது என்று நாமாக நம்பிக்கொள்ள வேண்டும். நாகவள்ளிக்கு அப்படி நம்பிக்கொள்வது பிடித்திருந்தது. வந்து நான்கு வருஷமாகியும், ஜன்னலில் நீர் கோத்த கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, தான் ஒரு கனவின் உள்பக்கத்தில் குடியிருக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றும். பிள்ளைகள் இரண்டும் கோயமுத்தூரில் ஹாஸ்டலில். மத்தியானத்தில் ஏசியின் ஓசைக்குள் படுத்திருந்தால், எந்த ஊர்ச் சுவருக்குள் கிடக்கிறோம் என்பது மறந்து, யாருமில்லாத ஒரு ஆளாக மிதக்க முடியும்.

சாப்பாட்டு மேசை மேல் பெரிய தாள் விரிந்திருந்தது. மலையடிவாரத்துப் பேரீச்சந்தோட்டங்கள் நாற்பத்தொன்று. எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்கு அந்த வருஷம் விவசாய இலாகாவுக்கு வந்திருந்தது. கிணறு ஆழப்படுத்த, காற்றுத் தடுப்புக்குச் சவுக்கு நட, மண் கொட்ட. கூடவே ஒரு பத்திரம்: பணம் வாங்கிய தோட்டத்தை யாரும் வீட்டு மனையாக விற்க முடியாது. ஆனால் பணம் பன்னிரண்டு தோட்டத்துக்குத்தான். மற்றவை ரோட்டுக்காரர்கள் கைக்கும் மனைக்காரர்கள் கைக்கும் போனால் போகட்டும் என்று அர்த்தம். எது பன்னிரண்டு என்று மதிப்பெண் போட்டுச் சொல்ல வேண்டியவர், கோவை வேளாண் கல்லூரியில் மண் படித்த அனந்தகிருஷ்ணன். தண்ணீருக்கு நாற்பது, மண்ணுக்கு இருபத்தைந்து, மரத்துக்கு, பரப்புக்கு, உடையவர் அங்கேயே இருந்து பாடுபடுகிறாரா என்பதற்கு மீதி.

“ஏனுங்க, எது மொதல்ல போகப்போகுதோ அதையத்தானே மொதல்ல காப்பாத்தோணும்? ரோட்டோரத்துல இருக்கறதை?”

“எங்க டைரக்டரும் அப்படித்தான் சொன்னாரு. நாந்தான் ஒத்துக்கல. சாகப்போற மண்ணுல காசக் கொட்டி என்னத்துக்காகும்? இன்னும் அம்பது வருசம் வெளையற மண்ணாப் பாத்துப் போடோணும். டாக்டரு பாக்கறாப்பல.”

“டாக்டரு சாகக் கெடக்கறவனைத்தானுங்களே மொதல்ல பாப்பாரு?”

அவர் சிரித்துவிட்டார். “உன்னையக் கமிட்டில போட்டா ஒரு லிஸ்டும் வெளிய வராது, வள்ளி. டீத் தண்ணி வை.”

அவள் எழுந்திருக்கவில்லை. “பதினேழு யாரோடதுங்க?”

“பேரு பாக்கறதில்ல நான். பேரப் பாத்தா பென்சில் நடுங்கும். ரெண்டு அத்திமரம், வாசல்ல ஒரு மலையாளத்தான் கடையோ தமிழாள் கடையோ.”

“தமிழாளு கடைங்க” என்றாள் நாகவள்ளி. “சுஐபு பாய் கடை.”

“அதா? அது லிஸ்டுல வருதுன்னுதான் நெனச்சிருந்தேன். மண்ணு அருமையான மண்ணு. ஆனா இந்த வருசம் கடலோரத்துக் கெணறெல்லாம் உப்பாயிட்டு வருது, இதும் போயிருச்சு. மொத்தம் நாப்பத்தொம்போது. எடம் இருபத்திமூணு. சனிக்கிழமை டைரக்டரு கையெழுத்து, அதோட கலாஸ்.”

தட்டில் இருந்த அரிசி முழுவதும் சுத்தமாகத்தான் இருந்தது. அவள் விரல்கள் மட்டும் இல்லாத கல்லைத் தேடிக்கொண்டே இருந்தன.

*

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போன பிறகு அவள் முக்காடு போல முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பதினேழாம் தோட்டத்துக்கு நடந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். மண் சுவரைத் தாண்டி உள்ளே போனதும் வெயில் பச்சையாகிவிடும். ஈச்ச மட்டைகள் மேலே ஒன்றோடொன்று பின்னி, கீழே எலுமிச்சை, அதற்கும் கீழே குதிரை மசால் தீவனப்பயிர். மூன்று அடுக்கு நிழல். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல விட்டு விட்டுக் கேட்கும். அங்கே வந்து உட்கார்ந்தால் தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்பதுதான் நாகவள்ளிக்கு அந்த இடத்தில் பிடித்தது. வீட்டில்கூட அவளுக்கு அப்படி ஒரு மூலை இல்லை.

சுவரை ஒட்டி நான்கு சிவப்பு முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். போன வாரம் அவை இல்லை.

“வாங்க தங்கச்சி” என்றார் சுஐபு, கடைக்குள்ளிருந்து. கீழக்கரைக்காரர். டின் பால், தீப்பெட்டி, மண்ணெண்ணெய், அரிசி எல்லாம் விற்பார். தோட்டக்காரி உம்மு ஹானிதான் அவருக்குக் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பேற்றவள். “குச்சியப் பாக்குறியளா? உம்மு ஹானிட கொழுந்தன் அடிச்சிட்டுப் போனான். வூடு கட்ட மனை போடுறானாம். புருசன் மௌத்தாகி மூணு வருசம், இன்னும் அந்தப் பொம்பளைக்கு நிம்மதியில்ல.”

“அவுங்க விடுவாங்களாக்கும்?”

“கவருமெண்டு தோட்டத்த எழுதிக்கிட்டா அவன் தொட முடியாது. அத நம்பித்தான் குந்தியிருக்காஹ. சார்தான எழுதுறாஹ? நான் சொல்லிட்டேன், பயப்படாதீக, நம்ம சார் கை ராசியான கைன்னு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா நேத்து ஆபீசு டிரைவர் ஒருத்தன் வந்து ஒளறுறான் தங்கச்சி, நம்ம கெணறு உப்பாம்! நான் கேட்டேன், ஏன்டா, ஒன்னய பெத்தவ ஒனக்கு நாக்க வச்சுப் பெத்தாளா இல்லியான்னு. பதினோரு வருசமா இந்தத் தண்ணியிலதான் டீ போடுறேன். உப்புன்னா பால் திரிஞ்சு எந்தலைல ஊத்தியிருப்பானுவ.”

ஒரு கிளாஸில் தண்ணீர் மொண்டு நீட்டினார். அவள் குடித்தாள். சில்லென்று, லேசான கல் வாசனையோடு, தொண்டையில் நிற்காமல் இறங்கியது.

அப்படியே கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ருசி அவளுக்கு முன்பே தெரியும். வேறெங்கோ, தன் சமையலறையில், உள்ளங்கையிலிருந்து நக்கிப் பார்த்த ருசி.

அத்திமரத்தடியில் உம்மு ஹானி பாயில் உட்கார்ந்து காய் கழித்துக்கொண்டிருந்தாள். நாகவள்ளியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன. “தஆலி, வல்லி” என்று கூப்பிட்டுப் பாயைத் தட்டினாள். இருவருக்கும் பொதுவாக முப்பது வார்த்தை இருக்கும், பாதி அரபு, பாதி இந்தி. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. உம்மு ஹானி சிவப்புக் குச்சிகளைக் கையால் காட்டி, பிறகு காற்றில் எழுதுவதுபோல விரலை ஓட்டி, “ஹுகூமா அச்சா. ஹுகூமா லிக்கேகா. கொழுந்தன் மாஃபி” என்றாள், அரசாங்கம் எழுதிக்கொள்ளும், கொழுந்தன் தொல்லை இல்லை என்று. கொழுந்தன் என்ற சொல்லைச் சுஐபுவிடமிருந்து கற்றிருந்தாள்.

நாகவள்ளி தலையை ஆட்டினாள். அந்தத் தலையசைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை. எலுமிச்சைப் பூ ஒன்று மடியில் விழுந்தது. அவள் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை மெதுவாக விரிந்தது.

*

அன்று இரண்டு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. நல்ல தண்ணீர் டிரம்மில் அடி மண்டிதான் இருந்தது. குழாயில் வருவது உப்பு. குளிக்கலாம், பாத்திரம் துலக்கலாம், அதில் பருப்பு வேகாது. மணிக்கணக்காகக் கொதித்தாலும் துவரம்பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். ஆபீஸ் ஏசி கெட்டுப்போயிருந்ததால் அனந்தகிருஷ்ணன், தோட்டத்துக் கிணறுகளில் சோதனைக்கு மொண்ட தண்ணீர் பாட்டில்கள் இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளையும் வியாழக்கிழமையே வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக்குப் பக்கத்து அறையில் இறக்கியிருந்தார். “ஒண்ணு டெஸ்ட் பண்ணி முடிஞ்சுது, கொட்டிரலாம். ஒண்ணு இன்னும் பாக்கி” என்று சொல்லியிருந்தார். எந்தப் பக்கத்துப் பெட்டி என்று கையையும் காட்டியிருந்தார். அப்போது அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டப்போகிற தண்ணீர்தானே. பாட்டில் பாட்டிலாகத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். கரிப்பு, கரிப்பு, சவர்ப்பு. ஒன்று மட்டும் தேன். அந்த ஒரு லிட்டரில் பருப்பு பூவாக வெந்தது. “இன்னைக்கு சாம்பார் ஊர்ல பண்ணுனாப்பல இருக்குது” என்று அவர் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டார்.

காலி பாட்டில் மேடை மேல் நின்றது. வெள்ளிக்கிழமை. விளக்கேற்றுகிற நாளில் தண்ணீர்ப் பாத்திரத்தை வெறுமையாகக் கவிழ்க்கக் கூடாது, வெறுமையாக நிறுத்தவும் கூடாது. குடமானாலும் சொம்பானாலும் ஒரு கை தண்ணீராவது இருக்க வேண்டும் என்பாள் அம்மா. இதை அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகக் குழாயைத் திறந்தது, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பியது, மூடியைத் திருகியது, அது இருந்த குழியிலேயே திரும்ப வைத்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டின் நீல மை ஈர விரலில் ஒட்டிக்கொண்டது. தேய்த்துப் பார்த்தபோது விரலில் ஒரு ஒன்றும் ஒரு ஏழும் தலைகீழாகத் தெரிந்தன.

அவள் எடுத்தது பாக்கிப் பெட்டியிலிருந்து.

*

வீடு திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. சுஐபு பாயிடம் சொல்லி ஒரு மனு எழுதச் சொன்னால் போதும். தண்ணீரை மறுபடி பாருங்கள் என்று உம்மு ஹானி கேட்டதாக இருக்கட்டும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நல்ல யோசனைதான். ஆனால் மனு என்றால் இவர் என்ன சொல்வார் என்பதும் அவளுக்குத் தெரியும். நாற்பத்தொரு பேரும் மனுப் போடுவார்கள், நாக்கை நம்பாதே, கருவியை நம்பு. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

நாலு மணிக்கு அவர் தூங்கி எழுந்து வந்தார். காபியை வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். எதிரே உட்காருவது வழக்கமில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பதினேழு உப்பில்லீங்க.”

“சுஐபு சொன்னானாக்கும்?”

“நான் சொல்றனுங்க. அந்தத் தண்ணியில நான் பருப்பு வேக வெச்சுப்போட்டேன். பாட்டில்ல இருந்தது நம்ம கொழாத் தண்ணி.”

முழுவதையும் சொன்னாள். லாரி, பெட்டி, வெள்ளிக்கிழமை. அதுவரை ஒரு தப்பைச் சொல்வதாக இருந்தது, வெள்ளிக்கிழமையைச் சொல்லும்போது தன் அம்மாவை, தன் கையை, தன்னையே எடுத்து மேசை மேல் வைப்பதாக ஆகிவிட்டது.

அவர் காபியை ஓரமாக நகர்த்தினார். ஏடு கட்டியிருந்தது.

“ரெண்டு தடவ ஊத்திச் சாப்புட்டனே” என்றார். “மெஷினுல வெச்சுப் பாத்தவன் நான், நாக்குல வெச்சுப் பாத்தவனும் நான். ரெண்டுத்துல ஒண்ணுலயாச்சும் எனக்குத் தெரிஞ்சிருக்கோணுமல்ல?”

“உங்களுக்கு வேலைக்கு ஏதாச்சும் ஆயிருங்களா?”

“வீட்டுல வெச்சது என்ற தப்பு. அப்படித்தான் எழுதிக் குடுப்பேன். சமையல்னெல்லாம் எழுத முடியாது, அந்தப் பெட்டில இருந்த பாட்டில் கலந்துபோச்சுன்னு எழுதறேன். அந்தப் பெட்டி முழுக்க மறுபடி பாக்கோணும்.” எழுந்து போய் ஜன்னலருகே நின்றார். “கான்ட்ராக்டு புதுப்பிக்கற வருசம் வேற.”

“சொல்லாம இருந்திருக்கோணுங்களா?”

அவர் திரும்பவில்லை. “அப்படிக் கேக்காத, வள்ளி. நான் ஆமான்னு சொல்லிப்போட்டா அப்பறம் ரெண்டு பேரும் எப்படி இந்த வீட்டுல இருக்கறது?”

*

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஜீப்பில் அவளையும் ஏற்றிக்கொண்டார். அந்தப் பெட்டிக்குரிய இருபது கிணற்றிலும் அவரே இறங்கி மொண்டார், அவள் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். உம்மு ஹானியின் கிணற்றடியில் மட்டும் அவள் மூடியை இரண்டு முறை திருகிப் பார்த்தாள். சனிக்கிழமைக்குப் பதில் செவ்வாய்க்கிழமை என்று டைரக்டர் தள்ளி வைத்தார். கோபப்பட்டாரா என்று கேட்டதற்கு, “ஒண்ணும் பேசல. என்ற பைலை எடுத்து வேற அலமாரில வெச்சாரு” என்றார் அனந்தகிருஷ்ணன்.

திங்கட்கிழமை மாலை மறுபடி அந்தத் தாள் மேசை மேல் விரிந்தது. பத்தொன்பது கிணறு முன்போலவே வந்திருந்தது. பதினேழுக்கு நாற்பதுக்கு முப்பத்துநாலு. மொத்தம் எழுபத்தேழு. இடம் ஒன்பது.

நாகவள்ளிக்கு நெஞ்சுக்குள் ஒரு வாய்க்கால் மடை திறந்ததுபோல் இருந்தது. மூன்று அடுக்கு நிழலும் அப்படியே இருக்கும். குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைக்கலாம். நாளைக்கே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும், முப்பது வார்த்தைக்குள் சொல்லிவிட முடியும்.

அவர் ரப்பரை எடுத்துப் பட்டியலின் அடியில் எதையோ அழித்தார். தூசியை ஊதினார்.

“என்னத்த அழிக்கறீங்க?”

“பன்னண்டுதானே. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகோணும். முப்பத்தொண்ணு. எழுபத்தொண்ணு மார்க்கு வாங்கிப் பன்னண்டாவதா இருந்துது.”

அவள் அந்த அழித்த இடத்தையே பார்த்தாள். தாள் அங்கே மட்டும் பஞ்சுபோல் வெளுத்திருந்தது. முப்பத்தொன்றுக்கு ஒரு முகமும் இல்லை. அத்திமரம் இல்லை, கடை இல்லை, பாயைத் தட்டிக் கூப்பிட யாரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு லேசாக அழிந்ததோ என்னவோ.

“யாருங்க அது?”

பேர் பார்க்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலை ஓட்டி, “கமீஸ்” என்றார். “கெழக்கால, மலையடில. லிஸ்டுல பேரு வருதுன்னு போன வாரமே டிரைவருக எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறானுக. அந்தாளு கெணறு வெட்ட ஆளுக்குக்கூடச் சொல்லிட்டாராம். ஆபீசுல இருந்து கடுதாசி போகும். ஆனா கடுதாசி போறதுக்கு முந்தி நான் நேர்ல போயிச் சொல்லிப்போடோணும்.”

“நானும் வர்றனுங்க.”

“நீ எதுக்கு?”

அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

*

கமீஸுக்கு அறுபது இருக்கும். கணுக்காலுக்கு மேல் ஈரமண் அப்பிய காலோடு வாய்க்காலிலிருந்து ஏறி வந்து, ஜீப்பைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்தார். தோட்டம் சின்னது. ஈச்சமரங்கள் வரிசையாக இல்லாமல் கூட்டத்தில் நிற்கும் ஜனங்கள்போல அங்கங்கே நின்றன. ஒவ்வொரு மரத்தடியிலும் பாத்தி அணை புதிதாகக் கட்டியிருந்தது. கிணற்றருகே கயிறும், கூடைகளும், கடப்பாரைகளும் தயாராகக் கிடந்தன.

பேச்செடுக்க வாய் திறந்த அனந்தகிருஷ்ணனைக் கையமர்த்தி உட்கார வைத்தார். பாய் விரித்தார். தட்டில் பழுத்த ஈச்சம்பழம். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஏலக்காய் மணக்கும் அரபுக் காபி, கஹ்வா. “பஹ்லே காவோ” என்றார், முதலில் சாப்பிடு.

“விருந்தாளி குடிச்சு முடிக்கற வரைக்கும் எந்தச் சோலியும் பேச மாட்டாங்க” என்று அனந்தகிருஷ்ணன் தமிழில் மெல்லச் சொன்னார். “போதும்னா கிண்ணத்த இப்படி ரெண்டு பக்கமும் ஆட்டிக் குடுக்கோணும். ஆட்டலீன்னா ஊத்திட்டே இருப்பாங்க.”

அவர் இரண்டு கிண்ணம் குடித்தார், ஆட்டிக் கொடுத்துவிட்டார்.

நாகவள்ளி குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள். கமீஸ் ஊற்றினார். மறுபடி நீட்டினாள். மறுபடி ஊற்றினார். கசப்பு நாக்கில் ஏறிக்கொண்டே போனது. புழுக்கம் கொஞ்சம் விலகி, ஆகஸ்டு மாதத்தில் தெரியாத மலை, மரங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடாக எழுந்து நின்றது. அவள் கிண்ணத்தை ஆட்டாத வரை இந்தத் தோட்டம் பன்னிரண்டாவது இடத்தில் இருக்கும். ஈரக்காலோடு உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர் சிரித்துக்கொண்டிருப்பார். கயிறும் கூடையும் கிணற்றுக்குள் இறங்கக் காத்திருக்கும்.

ஐந்தாவது கிண்ணத்தில் கமீஸ் வாய்விட்டுச் சிரித்தார். மதராஸி அம்மாவுக்கு எங்கள் கஹ்வா பிடித்துவிட்டது என்று இந்தியில் சொல்லி, கூஜாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொண்டுவா என்று குடிசைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“வள்ளி” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“தெரியுதுங்க.”

அடியில் இருந்த கசண்டு வரைக்கும் குடித்தாள். கிண்ணத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை ஆட்டினாள். கமீஸ் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பிறகு இருவரையும் பார்த்து, இப்போது சொல்லுங்கள் என்பதுபோல உள்ளங்கையைத் திறந்து முழங்காலின் மேல் வைத்தார்.

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். அதற்குள் நாகவள்ளி, தன் அரைகுறை இந்தியில், தலையை நிமிர்த்திப் பேச ஆரம்பித்திருந்தாள்.